பிள்ளையைச் சுமந்து மலையேற ஒரு பை

“நான் ஒருக்காப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தது காணும் மிஸ். நீங்கள் போட்டு வாங்கோ.”

2025ஆம் ஆண்டு சித்திரை மாதம் எங்கள் கிராமத்து மகளிர் சேமிப்புக் குழுவினர் சிவனொளிபாத மலைக்குப் போவதெனத் தீர்மானித்த கூட்டத்தில் ஒரு தாய் சொன்ன வார்த்தைகள் இவை. அவருக்கு வயது முப்பத்தைந்து. மடியில் இருபது மாத ஆண் குழந்தை. கணவர் விட்டுச் சென்ற பின் தனியே குடும்பத்தைக் கொண்டு நடத்துபவர். அவரது வலது தோள்மூட்டுக்குக் கீழே ஷெல் துண்டு பட்ட தழும்பு இருக்கிறது. 2009இல் காலில் காயப்பட்ட தன் அக்காவின் எட்டு மாதக் கைக்குழந்தையைத் துவாயால் நெஞ்சோடு கட்டிக்கொண்டு, புதுக்குடியிருப்பிலிருந்து கடற்கரை வரை நடந்தவர் அவர். “நடந்தது காணும்” என்று அவர் சொன்னதன் பொருள் அங்கிருந்த எல்லோருக்கும் விளங்கியது. ஒருவரும் வற்புறுத்தவில்லை.

ஆனால் கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கும்போது அவரே என்னிடம் வந்தார். “இவன் வயித்தில இருக்கேக்க மலைக்கு வாறன் எண்டு நேந்தனான். போகத்தான் விருப்பம். தோள் ஏலாது. உங்களிட்டப் பிள்ளை தூக்கிற பை ஒண்டு இருக்கெண்டு சொல்லுகினம், அது பாரம் தெரியாதாமே?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு உடனே “ஓம்” என்று சொல்ல என்னால் முடியவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

என் அனுபவம்

கனடாவிலிருக்கும் என் அக்கா தன் பிள்ளைகளுக்குப் பாவித்த முதுகுப்பை ஒன்றை 2023 தை மாதம் ஊருக்கு வந்தபோது எனக்குத் தந்தார். அலுமினியச் சட்டம், பிள்ளை அமர்வதற்கு இருக்கை, தலைக்கு மேலே வெயில் மறைப்பு, கீழே சாமான் வைக்கும் அறை என்று எல்லாம் பொருந்திய பை அது. அதைப் பார்த்ததும் எனக்குப் பெருமை. அந்த மாதமே குடும்பமாக ஹோட்டன் சமவெளிக்குப் போனோம். என் மகளுக்கு அப்போது பதினான்கு மாதம்.

உலக முடிவையும் பேக்கர் நீர்வீழ்ச்சியையும் பார்த்துத் திரும்பும் அந்தச் சுற்றுப்பாதை சுமார் 9 கிலோமீற்றர். சமவெளி கடல்மட்டத்திலிருந்து 2100 மீற்றருக்கு மேல் உள்ளது. தை மாதத்து விடிகாலையில் புல்லின் மேல் உறைபனி படிவதும் உண்டு. மகளைச் சுமந்து நடந்த எனக்கு அரை மணித்தியாலத்தில் வியர்த்துவிட்டது. மேற்சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன். மகள் சத்தமில்லாமல் இருந்தாள். நித்திரை என்று நினைத்தேன்.

பின்னால் வந்த வயோதிபச் சிங்களப் பெண் ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். “பபாட்ட சீதலயி” என்றார். பிள்ளைக்குக் குளிர்கிறது என்று அர்த்தம். திரும்பி என்னால் பார்க்க முடியவில்லை. பிள்ளை என் முதுகில் அல்லவா இருந்தாள்! கணவர் வந்து பையை இறக்கினார். தொங்கிக்கொண்டிருந்த கால்கள் இரண்டும் பனிக்கட்டியாய்க் குளிர்ந்து, பாதங்கள் நிறம் மாறியிருந்தன. ஒரு காலில் சொக்ஸ் எங்கேயோ விழுந்துவிட்டது. தலை ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. அந்த அம்மா தன் சால்வையைத் தந்தார். மகளை என் சட்டைக்குள் விட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் அங்கேயே இருந்தோம். கால்கள் சூடேறி அவள் வீறிட்டு அழுத பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மேலே போகாமல் திரும்பிவிட்டோம்.

நடப்பவருக்கு உடம்பு சூடேறும்; சுமக்கப்படும் பிள்ளை அசையாமல் இருப்பதால் அதன் உடம்பு குளிரும். இந்தச் சிறிய உண்மை எனக்குத் தெரியவில்லை. சமூகவியல் பட்டம் பெற்றவள், பல தாய்மாருக்குப் பிள்ளை வளர்ப்புப் பற்றி வகுப்பு எடுப்பவள்; எனக்கே தெரியவில்லை. நல்ல பை கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கையில் பிள்ளையைக் கவனிக்க மறந்துவிட்டேன். அதனால்தான் அந்தத் தாய் கேட்டபோது, முதலில் முழுவதையும் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். கற்றதையே இங்கு எழுதுகிறேன்.

புதிய பொருள், பழைய பழக்கம்

பிள்ளையை உடம்போடு கட்டிச் சுமப்பது மேலைநாட்டார் கண்டுபிடித்த ஒன்றல்ல. ஆபிரிக்கத் தாய்மார் துணியால் முதுகில் கட்டுகிறார்கள். மெக்சிக்கோவில் நீண்ட சால்வையிலும், யப்பானில் பட்டி வைத்த துணியிலும் சுமந்தார்கள். அமெரிக்கத் தாதியான ஆன் மூர் 1960களில் பீஸ் கோர்ப்ஸ் என்ற தொண்டர் அமைப்பின் ஊழியராக மேற்கு ஆபிரிக்காவின் டோகோ நாட்டில் பணியாற்றினார். அங்குள்ள தாய்மாரின் முதுகில் குழந்தைகள் அமைதியாக இருப்பதைக் கண்டு, ஊர் திரும்பியதும் தன் தாயாரின் துணையுடன் தன் மகளுக்கு ஒரு பையைத் தைத்தார். ‘ஸ்னக்லி’ என்ற பெயரில் அதற்கு 1969இல் காப்புரிமை பெற்றார். இன்று கடைகளில் விற்கும் மென்துணிப் பைகளுக்கு அது முன்னோடி. மலையேறுவோருக்கான சட்டம் வைத்த பைகளும் அந்தக் காலத்திலேயே அமெரிக்காவில் பரவின.

எங்கள் பகுதிகளில் பிள்ளையை இடுப்பில் வைத்தே பழகிவிட்டோம். முற்றத்திலிருந்து கிணற்றடி வரைக்கும் அது போதும். நீண்ட நடைக்குப் போதாது. 1995 ஐப்பசி 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு நடந்த இரவில் எனக்கு ஏழு வயது. அம்மா தம்பியை இடது இடுப்பில் வைத்து, வலது கையில் பையுடன் நடந்தார். அன்றிரவு முழுவதும் ஒரே பக்கம். அம்மாவுக்கு இடுப்பு வலி தொடங்கியது அந்த நடையோடுதான் என்று அவர் இன்றும் சொல்வார். ஒரே பக்கத்தில் நீண்ட நேரம் பாரம் ஏற்றினால் முள்ளந்தண்டு வளைந்து தசைகள் இழுபடும். இரு தோளுக்கும் இடுப்புக்கும் பாரத்தைப் பங்கிடுவதே ஒரு நல்ல பையின் வேலை.

மூன்று வகைப் பைகள்

முதலாவது, துணிக்கட்டு. நீண்ட துணி, வளையம் வைத்த துணி என்பன இதில் அடங்கும். விலை குறைவு. ஆனால் சரியாகக் கட்டப் பழக வேண்டும். கைக்குழந்தைகளுக்கு இதில் ஆபத்தும் உண்டு. தொட்டில்போல் வளைந்து கிடக்கும் துணிப்பையில் குழந்தையின் நாடி நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குழாய் அடைபடும். அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணைக்குழு 2010 பங்குனியில் இது குறித்து எச்சரிக்கை விடுத்தது. முந்தைய 20 ஆண்டுகளில் இத்தகைய பைகளில் 14 குழந்தைகள் இறந்ததாகவும் அவர்களில் 12 பேர் நான்கு மாதத்துக்கு உட்பட்டவர்கள் என்றும் அது கூறியது. ஆகவே சிறு குழந்தையை நிமிர்த்தியே வைக்க வேண்டும். முகம் எப்போதும் உங்கள் கண்ணில் பட வேண்டும். குனிந்தால் உச்சியில் முத்தமிடக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். நாடிக்கும் நெஞ்சுக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி வேண்டும்.

இரண்டாவது, இடுப்புப் பட்டியும் தோள் பட்டியும் கிளிப்பும் வைத்த மென்துணிப் பை. அநேகமானவை ஒரு கிலோவுக்கு உட்பட்டவை. மடித்துக் கைப்பையில் வைக்கலாம். பிள்ளை உங்கள் உடம்போடு ஒட்டி இருப்பதால் உங்கள் சூடு அதற்குக் கிடைக்கும். நடக்கும்போது பாரம் ஆடாது. வெப்பமான இடத்தில் இருவருக்கும் வியர்க்கும் என்பதே இதன் குறை.

மூன்றாவது, சட்டம் வைத்த முதுகுப்பை. பிள்ளைக்குத் தனி இருக்கை, காற்றோட்டம், வெயில் மறைப்பு, சாமான் அறை எல்லாம் உண்டு. நிலத்தில் நிறுத்தக் கால் இருக்கும். ஆனால் வெறும் பையே இரண்டரை முதல் மூன்றரை கிலோ வரை நிறையுள்ளது. வெளிநாடுகளில் புதியது ஒன்றின் விலை 200 டொலருக்கும் மேல். தலையை நிலையாகப் பிடித்து, உதவியின்றி உட்காரக்கூடிய பிள்ளைக்கு மட்டுமே இது உகந்தது. பொதுவாக ஆறு மாதத்துக்கு முன் கூடவே கூடாது.

தள்ளுவண்டியைப் பற்றியும் சிலர் கேட்டார்கள். படிக்கட்டும் கல்லும் உள்ள பாதையில் அது வெறும் சுமை.

பாரத்தைக் கூட்டிப் பாருங்கள்

பை வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை கணக்குப் பார்ப்பது. பிள்ளையின் நிறை கிளினிக் கொப்பியில் இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி ஒரு வயதுப் பெண் குழந்தையின் நடுத்தர நிறை ஏறத்தாழ 9 கிலோ, ஆண் குழந்தையின் நிறை ஏறத்தாழ 9.6 கிலோ. இரண்டு வயதில் முறையே 11.5, 12.2 கிலோ.

ஹோட்டன் சமவெளியில் நான் சுமந்ததைக் கூட்டிப் பார்த்தேன். மகள் 9 கிலோ, பை 3 கிலோ, ஒன்றரை லீற்றர் தண்ணீர் ஒன்றரைக் கிலோ, மாற்றுடுப்பு, பம்பஸ், சாப்பாடு ஒன்றரைக் கிலோ. மொத்தம் 15 கிலோ. என் நிறை 52 கிலோ. நீண்ட தூரம் நடப்போர் தம் நிறையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்காமலிருப்பது நல்லது என்பது மலை நடைக்காரர் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அதன்படி எனக்குப் பத்துக் கிலோவுக்குச் சற்று மேல். நான் சுமந்ததோ அதன் ஒன்றரை மடங்கு!

எங்கள் குழுவில் பலரும் 45 முதல் 50 கிலோ நிறையுள்ளவர்கள். அவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு 9 அல்லது 10 கிலோதான். ஒரு வயதைத் தாண்டிய பிள்ளை மட்டுமே அந்த அளவை எட்டிவிடும். சட்டம் வைத்த பைகளில் பெரும்பாலானவை உயரமும் பருமனும் கூடிய உடல்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. “விலை கூடியது, அக்கா அனுப்பினது” என்பதற்காக அது எங்களுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. எங்களில் அநேகருக்கு மென்துணிப் பையே ஏற்றது என்பது என் முடிவு. தண்ணீரையும் சாமானையும் வேறொருவர் சுமக்க வேண்டும்.

பையில் எழுதியிருக்கும் உச்ச நிறையையும் கவனியுங்கள். சில பைகளில் அது பிள்ளையின் நிறையை மட்டும் குறிக்கும். சிலவற்றில் பிள்ளை, சாமான், பை மூன்றையும் சேர்த்தே குறிக்கும்.

உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறதா?

பாரத்தின் பெரும்பகுதி இடுப்பெலும்பில் இறங்க வேண்டும், தோளில் அல்ல. பட்டிகள் யாவற்றையும் முதலில் தளர்த்துங்கள். இடுப்புப் பட்டியை இடுப்பெலும்பின் மேல் இறுக்குங்கள், வயிற்றில் அல்ல. அடுத்துத் தோள் பட்டிகள். கடைசியாக மார்புப் பட்டி. தோள் பட்டிக்குக் கீழே விரலை விட்டுப் பாருங்கள். சிரமமின்றி விரல் போனால் பாரம் இடுப்பில் இருக்கிறது என்று அர்த்தம். சட்டம் வைத்த பையானால் முதுகின் நீளத்துக்கேற்ப ஏற்றி இறக்கும் வசதி உண்டா என்று பாருங்கள். கணவர், சகோதரன், மாமி என்று வேறொருவரும் அதே பையைப் போட இது மிகவும் முக்கியம்.

போரினால் காயப்பட்டவர்கள் இவ்விடயத்தில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். தோளிலோ முதுகிலோ தழும்பு அல்லது உள்ளே ஷெல் துண்டு உள்ளவர்கள், பட்டி அந்த இடத்தில் அழுத்துகிறதா என்று வெறும் பையோடு போட்டுப் பார்க்க வேண்டும். செயற்கைக் கால் பொருத்தியவர்கள் சமனற்ற பாதையில் பிள்ளையைச் சுமக்காமல் வேறொருவரிடம் கொடுப்பது நல்லது. சத்திர சிகிச்சை மூலம் பிள்ளை பெற்றவர்களுக்கு இடுப்புப் பட்டி தையலில் உரசக்கூடும். கர்ப்பப்பை இறக்கம் உள்ள பெண்கள் பாரம் சுமக்க முன் வைத்தியரைக் கட்டாயம் கேட்க வேண்டும். இந்த நோயை வெட்கப்பட்டு மறைத்துக்கொண்டு, பாரமும் தூக்கிக்கொண்டிருக்கும் சகோதரிகளை நான் நிறையப் பேரைக் கண்டிருக்கிறேன். குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னால் அவர் வழி காட்டுவார்.

பிள்ளைக்குப் பொருந்துகிறதா?

பிள்ளையின் கால்கள் வெறுமனே தொங்கக் கூடாது. இருக்கை ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்கால் வரை தொடையைத் தாங்க வேண்டும். முழங்கால்கள் இடுப்பின் மட்டத்திலோ சற்று உயர்ந்தோ இருக்க வேண்டும். தவளை இருப்பதுபோல் என்று சொன்னால் விளங்கும். குழந்தையின் இடுப்பு மூட்டு வளர்ச்சிக்கு இதுவே நல்லது. கவட்டில் மட்டும் தாங்கி, கால் நேராகத் தொங்கும் ஒடுக்கமான பைகளைத் தவிர்ப்பது நல்லது. சட்டம் வைத்த பையில் பாதம் வைக்கும் வளையம் இருந்தால் அதைப் பிள்ளையின் உயரத்துக்குச் சரிசெய்ய வேண்டும்.

தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பூட்டும் உள்பட்டி இல்லாத சட்டப் பையை வாங்க வேண்டாம். பிள்ளை எட்டிப் பார்க்கும், துள்ளும். நீங்கள் குனிந்தால் தலைக்கு மேலால் விழுந்துவிடும். ஆகவே எதையாவது எடுக்க நேர்ந்தால் முழங்காலை மடித்தே இறங்க வேண்டும். உயரமான பையில் பிள்ளையின் தலை உங்கள் தலைக்கு மேலே நிற்கும் என்பதையும் மறக்க வேண்டாம். மரக்கிளை, வாசல் நிலை, வான் கதவு எல்லாம் உங்களுக்குத் தட்டாது, பிள்ளைக்குத் தட்டும்.

இரண்டாங்கைப் பை என்றால்

எங்களுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் வெளிநாட்டு உறவினர் பாவித்தவை. அதில் குறையில்லை. பின்வருவனவற்றை மட்டும் பாருங்கள்.

1. எல்லாக் கிளிப்புகளையும் பூட்டி இழுத்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் வேண்டாம்.

2. பட்டி பையோடு சேரும் இடங்களில் தையல் பிரிந்துள்ளதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

3. சட்டம் வளைந்திருந்தால் நிமிர்த்திப் பாவிக்க வேண்டாம்.

4. பிள்ளையைப் பூட்டும் உள்பட்டி முழுமையாக உண்டா என்று பாருங்கள். கழற்றித் தொலைத்திருப்பார்கள்.

5. கிளிப் உடைந்தால் ஊசிப் பின்னாலோ கயிற்றாலோ ஈடுகட்ட வேண்டாம்.

பை கையில் வந்ததும் பிள்ளையை ஏற்ற வேண்டாம். ஐந்து கிலோ அரிசியைத் துவாயில் சுற்றி வைத்து நடந்து பாருங்கள். பிறகு பத்துக் கிலோ. இரண்டு மூன்று நாள் பழகிய பிறகு வீட்டு முற்றத்தில் பத்து நிமிடம் பிள்ளையை வையுங்கள். முதுகில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் இன்னொருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். விழும் விபத்துகளுக்கு அதிக வாய்ப்பு அந்த நேரத்தில்தான். சட்டப் பையை நிலத்தில் மட்டும் நிறுத்துங்கள். மேசையிலோ கட்டிலிலோ வைக்க வேண்டாம். பிள்ளையை அதில் விட்டு அப்பால் போகவும் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பைகள் எவையும் வாகனத்தில் பிள்ளையைப் பாதுகாக்கச் செய்யப்பட்டவை அல்ல. பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போகும் காட்சியைக் காண்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அடுப்படியிலும் வேண்டாம்.

வன்னியில் நடை பழகுவோர் கண்ணிவெடி அகற்றும் பணி முடியாத இடங்களின் எச்சரிக்கைப் பலகைகளை மதித்து, மக்கள் வழமையாக நடக்கும் பாதையிலேயே நடக்க வேண்டும். பிள்ளை முதுகில் இருக்கும்போது குறுக்கு வழி தேட வேண்டாம்.

மலைக்குப் போன கதை

அந்தத் தாய்க்கு என் சட்டப் பையை முதலில் போட்டுப் பார்த்தோம். வெறும் பையிலேயே தோள் பட்டி தழும்பின் மேல் விழுந்தது. முகம் சுளித்தார். “இல்லை மிஸ், பரவாயில்லை, பழகிடும்” என்றார். எத்தனையோ வலியைப் பழகிக்கொண்ட ஒருவர் அப்படித்தான் சொல்வார். நான் கழற்றிவிட்டேன். இன்னொரு சகோதரியிடம் இருந்த மென்துணிப் பையை இரவல் வாங்கினோம். அதன் பட்டி அகலமானது. கழுத்துக்குக் கிட்டவாகத் தழும்புக்கு அப்பால் இருந்தது. இடுப்புப் பட்டி நன்றாக ஏந்தியது. இரண்டு வாரம் பின்னேரங்களில் கோயில் வீதி வரை நடந்து பழகினார். முதல் இரண்டு நாளும் மகன் அழுதான். மூன்றாம் நாள் முதுகிலேயே நித்திரை.

பிள்ளை பத்துக் கிலோ. தாயின் நிறை 47 கிலோ. அவர் ஒருவரே மலை முழுவதும் சுமப்பது சரிவராது. யார் பங்கெடுப்பது என்று கேட்டபோது நான் ஒருத்தி. மற்றையவள் அவரது பெறாமகள். 2009இல் அவர் நெஞ்சில் கட்டிக்கொண்டு வந்த அதே குழந்தை. அவள் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்து வீட்டில் இருந்தாள். சித்தியை விட உயரம். “என்னை நீங்கள் தூக்கினீங்கள்தானே, தம்பியை நான் தூக்கிறன்” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அரிசிப் பையைக் கட்டி நடந்து பழகத் தொடங்கினாள்.

சிவனொளிபாத மலையின் உயரம் 2243 மீற்றர். மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசி வெசாக் பௌர்ணமி வரை யாத்திரைக் காலம். ஹற்றன் வழியாக நல்லதண்ணிக்குப் போய் ஏறினால் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். சூரிய உதயம் பார்க்க நள்ளிரவில் ஏறுவதே வழக்கம். பிள்ளையோடு நாங்கள் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு ஆயிரம் மீற்றருக்கும் ஏறத்தாழ ஆறரைப் பாகை வெப்பம் குறையும். அந்தக் கணக்கில் உச்சி கடற்கரையை விடப் பதினான்கு பாகை குளிராக இருக்கும். இரவும் காற்றும் சேர்ந்தால் இன்னும் கூட. அதனால் விடிந்த பிறகு ஏறத் தொடங்கினோம். சித்திரையில் மலைநாட்டில் பின்னேரங்களில் இடியுடன் மழை பெய்யும் என்பதால் எங்கே நின்றாலும் பத்தரை மணிக்குத் திரும்புவது என்று முன்கூட்டியே பேசிக்கொண்டோம். வார நாளில் போனதால் நெரிசலும் இல்லை.

பிள்ளைக்கு மூன்று அடுக்கு உடுப்பு, காதை மூடும் தொப்பி, முழங்கால் வரை சொக்ஸ் இரண்டு சோடி. சொக்ஸைக் காற்சட்டையோடு ஊசியால் தைத்தேவிட்டோம். ஹோட்டன் சமவெளியில் கற்ற பாடம் அது! அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறினோம். மாறும்போதெல்லாம் பிள்ளையின் கழுத்துக்குப் பின்னாலும் பாதத்திலும் கை வைத்துப் பார்த்தோம். மணித்தியாலத்துக்கு ஒருமுறை கீழே இறக்கி ஓடவிட்டோம். சுமப்பவருக்குப் பின்னால் எப்போதும் ஒருவர் பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடி வந்தார்.

சீதகங்குலையைத் தாண்டிப் படிகள் செங்குத்தாகத் தொடங்கின. பத்து மணிக்கு முகில் இறங்கியது. காற்று வீசியது. பிள்ளை சிணுங்கினான். அவன் அப்போது தாயின் முதுகில் இருந்தான். அவர் கம்பியைப் பிடித்தபடி மேலே பார்த்தார்; உச்சி தெரியவில்லை. பக்கத்துத் தேநீர்க்கடையில் உட்கார்ந்து பிள்ளையை முன்னால் மாற்றிக் கட்டிக்கொண்டார். “நான் இதில நிக்கிறன். இவனுக்குக் குளிருது” என்றார். நேர்த்தி வைத்தவர் அவர். அத்தனை பேரில் போக வேண்டிய காரணம் அவருக்குத்தான் இருந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் தலையை ஆட்டினார். “அப்ப நிக்க ஏலாது மிஸ். நிண்டா செத்தம். இப்ப நான் நினைச்ச இடத்தில நிக்கலாம்தானே.”

பெறாமகளும் இன்னும் இருவரும் மட்டும் மேலே போனார்கள். பத்தரை மணி எல்லையை அவர்களுக்கு மட்டும் ஒரு மணித்தியாலம் நீட்டினோம். உச்சியில் யாத்திரிகர் தாம் ஏறிய முறைக்கு ஒன்றாக மணி அடிப்பது வழக்கம். அவள் சித்திக்காக ஒன்று, தனக்கு ஒன்று என்று இரண்டு அடித்துவிட்டு வந்தாளாம். “அவள் அடிச்சா நான் அடிச்ச மாதிரித்தானே” என்றார் தாய். நாங்கள் நல்லதண்ணிக்கு இறங்கி வந்து சேர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது.

சுமை யாருடையது?

சமூகவியல் படித்தவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்லி முடிக்க விரும்புகிறேன். பிள்ளையைச் சுமப்பது தாயின் வேலை என்று எங்கள் சமூகம் எழுதாமலே எழுதி வைத்திருக்கிறது. கணவர் இல்லாத வீட்டில் அந்தச் சுமை இரட்டிப்பாகிறது. இடுப்பில் வைக்கும் பிள்ளை தாயிடமே அழுது போகும். பட்டியைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு பையோ சித்திக்கும் பொருந்தும், மாமாவுக்கும் பொருந்தும், பெறாமகளுக்கும் பொருந்தும். ஆகவே பை தெரிவு செய்யும்போது “எனக்குப் பொருந்துமா?” என்று மட்டும் கேட்காதீர்கள். “இதை வேறு யார் போடுவார்கள்?” என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு ஒரு பெயராவது சொல்ல முடிந்த பிறகு பயணத்துக்கு நாள் குறியுங்கள்.

சகோதரிகளே, ஓடுவதற்காகவே பிள்ளைகளைத் தூக்கி நடந்தவர்கள் நாங்கள். மலையைப் பார்க்க, அருவியைப் பார்க்க, கும்பிட, அல்லது சும்மா காற்று வாங்க அவர்களைத் தூக்கி நடக்கவும் எங்களுக்கு உரிமை உண்டு. தூரமான மலைதான் வேண்டும் என்றில்லை. உங்கள் ஊர்க் குளக்கட்டில் ஒரு பின்னேரம் போதும். தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் மறக்க வேண்டாம். பிள்ளையின் பாதத்தை அடிக்கடி தொட்டுப் பாருங்கள்.

இரவல் வாங்கிய அந்தப் பை இப்போது எங்கள் சேமிப்புக் குழுவின் அலுமாரியில் இருக்கிறது. உரிமையாளர் குழுவுக்கே கொடுத்துவிட்டார். யார் கொண்டு போகிறார்கள், எப்போது திருப்பித் தருகிறார்கள் என்று ஒரு கொப்பியில் பதிகிறோம். முதல் பக்கத்தில் அந்தத் தாயின் பெயர் இருக்கிறது. அதற்குக் கீழே இன்றுவரை ஏழு பெயர்கள்.